2019 ஜூனை மறந்துவிட்டோமா? சென்னையில் இனித் தண்ணீரைத் தேடுவதா, செலவை அளப்பதா?

நாவலூர்க்காரன் எழுதியது (2024 ஏப்ரல் 7, காலை):

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் முழுக்க பெங்களூரு தண்ணீர்ச் செய்திதான். குடிதண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம், ஹோட்டல்களும் வணிக வளாகங்களும் குழாயில் ஏரேட்டர் (தண்ணீரைக் குறைத்து விடும் சின்ன வலை) மாட்டியே ஆக வேண்டும் என்று உத்தரவு. அங்கே குடியிருக்கும் என் தங்கை தினமும் போனில் லாரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க எனக்கு நம் ஊரின் 2019 ஜூன்தான் கண்முன் வந்தது.

அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வெடித்துக் கிடந்தன. நான்கும் நிரம்பினால் 11,257 மில்லியன் கன அடி, அதாவது 11 டி.எம்.சி.க்குச் சற்று மேல். அதில் நூற்றில் ஒரு பங்குகூட அப்போது இல்லை. நாளுக்கு 83 கோடி லிட்டராக இருந்த நகரத்தின் விநியோகம் 52.5 கோடி லிட்டராக இறங்கியது. ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டருடன் வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. டி.வி.யில் அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன்.

அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் குறைந்த விநியோகத்திலேயேகூட ஒரு ரயில் தண்ணீர் இருநூற்றில் ஒரு பங்குதான். அதே காகிதத்தில் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 2011இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோதே அதற்குள் சுமார் 67 லட்சம் பேர் இருந்தார்கள். இன்று 70 லட்சம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வாளி, 15 லிட்டர் மிச்சம் பிடித்தால் நாளுக்கு 10.5 கோடி லிட்டர். 2013இல் நெம்மேலியில் திறந்த கடல்நீர் ஆலையின் அளவு நாளுக்கு 10 கோடி லிட்டர். ஒரு வாளி, ஒரு ஆலை! ரயிலில் கொண்டுவர வேண்டும் என்றால் தினமும் 42 ரயில்.

இப்போது எங்கள் கதை. பழைய மகாபலிபுரம் சாலையில் 84 வீடுகள் கொண்ட வளாகம். குழாய்த் தண்ணீர் கிடையாது. போர்வெல், அதற்கு மேல் லாரி. வாங்கும்போதே அப்படித்தான். தண்ணீர்ச் செலவு சதுர அடிக் கணக்கில் மாதப் பராமரிப்புக்குள் கரைந்துவிடும். இரண்டு பேர் இருக்கும் வீடும் ஏழு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை. பால்கனியைத் தினமும் குழாய் வைத்துக் கழுவும் வீட்டுக்கும் அதே தொகை. வருடாந்தரக் கூட்டத்தில் "எல்லோரும் சிக்கனமாக இருங்கள்" என்று நான்கு வருடம் நோட்டீஸ் ஒட்டினோம். ஒரு லாரிகூடக் குறையவில்லை.

2021இல் வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தோம். ஒரு வருடச் சண்டைக்குப் பிறகுதான். ஒரே வீட்டுக்குச் சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் என்று மொட்டை மாடியிலிருந்து தனித்தனியாக இறங்குவதால், ஒரு வீட்டுக்கு மூன்று மீட்டர், சில வீட்டுக்கு நான்கு. செலவு அதிகம்தான். ஆனால் முதல் மாதத்திலேயே ஒன்றைக் கண்டுபிடித்தோம். வெளிநாட்டில் இருக்கும் ஒருவருடைய பூட்டிய வீட்டில் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. ஃப்ளஷ் டேங்க் கசிவு. எத்தனை மாதமாகவோ, அந்தத் தண்ணீருக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து லாரிக்குப் பணம் கட்டியிருக்கிறோம். கோடையில் நாளுக்கு 9 லாரி வாங்கிக்கொண்டிருந்த நாங்கள் இன்று 6 லாரியோடு நிறுத்திக்கொள்கிறோம். யாரும் குளிக்காமல் இருந்துவிடவில்லை.

என் கேள்வி இதுதான். மக்கள் பெருகப் பெருகப் புது ஆலை, புது ஏரி, புதுக் குழாய் என்றே பேசுகிறோமே, எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று அளக்கும் பேச்சை ஏன் யாரும் எடுப்பதில்லை? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

----------

வண்ணைவாசி எழுதியது:

அண்ணா, கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் "ஆளுக்கு ஒரு வாளி" என்று படித்ததும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

நான் வடசென்னை. எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். குழாயில் அழுத்தம் இல்லாததால் வாசலில் அடிபம்பு வைத்து அடித்துத்தான் எடுக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். இரண்டு நாளுக்கும் பங்கிட்டால் ஒரு நாளைக்குப் பத்துக் குடம் கிடைத்தாலே பெரிது. குடம் 15 லிட்டர் என்று வையுங்கள், 150 லிட்டர். ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 30 லிட்டர். அதில் ஒரு வாளியை எடுத்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்?

2019இல் லாரி வரும் என்று என் அம்மா இரவு இரண்டு மணிக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். குடத்தில் பெயிண்டால் பேர் எழுதியிருக்கும். மறுநாள் நான் வேலைக்குப் போக வேண்டும், தம்பிக்குக் கல்லூரி. அம்மாவுக்கு முட்டிவலி அந்த வருடம்தான் ஆரம்பித்தது. நாங்கள் துணி அலசிய தண்ணீரில் வாசல் கழுவி, அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, பாத்திரம் அலசிய தண்ணீரைக் கழிவறைக்கு எடுத்து வைப்பவர்கள். மிச்சம் பிடிப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

அதனால் "மக்கள் சிக்கனமாக இருக்க வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அளந்துவிட்டுச் சொல்லுங்கள். அளப்பதில் எனக்கும் உடன்பாடுதான். அளந்தால் எங்கள் தெருவுக்கு எவ்வளவு குறைவாக வருகிறது என்பதும் தெரியுமே.

----------

நாவலூர்க்காரன் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னது சரி. நான் சராசரிக் கணக்குப் போட்டது தப்பு. 70 லட்சம் பேரில் பாதிப் பேரிடம் குறைப்பதற்கே ஒன்றும் இல்லை என்றால் மீதிப் பாதி ஆளுக்கு இரண்டு வாளி குறைக்க வேண்டும். எங்கள் வளாகத்து மீட்டரைப் பார்த்தால் அது சுலபமாக முடியும் என்றே தெரிகிறது.

----------

பழைய நீர்ப்பொறியாளர் எழுதியது:

குடிநீர்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். அந்த அம்மா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நாங்கள் வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் அளவு. பெருநகரம் என்றால் 150. காகிதத்தில் எல்லோருக்கும் அதே அளவு. குழாயின் கடைசி முனையில் இருப்பவருக்கு 30 என்றால், குழாயின் ஆரம்பத்தில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர் 250, 300 எடுக்கிறார் என்று பொருள். நடுவில் மீட்டர் இல்லாததால் இது எந்தப் பேரேட்டிலும் ஏறாது. சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. எவ்வளவு எடுத்தாலும் ஒரே கட்டணம்.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நகரம் எப்போதும் தன் எல்லைக்கு வெளியே போய்த்தான் தண்ணீர் தேடியிருக்கிறது. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914. சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது பூண்டிக்காகப் போராடினார். 1943இல் அவர் காலமானார், 1944இல் அணை முடிந்தது. அவர் பெயரைத்தான் அந்த நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். அடுத்தது கிருஷ்ணா. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்து மொத்தம் 15. வழியில் ஆவியாகிக் கசிந்ததுபோக 12 எல்லையில் கிடைக்கும் என்று 1983இல் ஒப்பந்தம். முதல் தண்ணீர் எட்டிப்பார்த்தது 1996இல். அந்த 12 டி.எம்.சி. எந்த ஆண்டும் முழுசாக வந்து சேரவில்லை. அந்தப் பக்கம் மழை பொய்த்தால் அவர்கள் எங்கிருந்து கொடுப்பார்கள்?

வீராணம் இன்னும் நீண்ட கதை. 1960களின் கடைசியில் பேசத் தொடங்கிய திட்டம். அன்று கொண்டுவந்து இறக்கிய ராட்சதக் குழாய்கள் சாலையோரத்தில் பல வருடம் கிடந்தன. சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டே போயிருக்கிறேன். கடைசியில் 2004இல்தான் அந்தத் தண்ணீர் சென்னைக்கு வந்தது, நாளுக்கு 18 கோடி லிட்டர். சோழர் காலத்து ஏரி, காட்டுமன்னார்கோவில் பக்கத்து விவசாயிகளின் ஏரி. கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் வந்தால்தான் அது நிரம்பும். அதாவது காவிரியில் தண்ணீர் இல்லாத வருடம் சென்னைக்கும் இல்லை.

அப்புறம் கடல். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010, நெம்மேலியில் 2013, இந்த பிப்ரவரியில் நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டரில் இன்னொன்று, பேரூரில் 40 கோடி லிட்டருக்கு வேலை நடக்கிறது. மழையை நம்ப வேண்டியதில்லை, அது பெரிய நிம்மதி. 2019இல் முதல் இரண்டு ஆலையும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது. ஆனால் ஆயிரம் லிட்டர் கடல்நீரை நல்ல தண்ணீராக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். அவ்வளவு மின்சாரம் தின்ற தண்ணீர் ஒரு பூட்டிய வீட்டின் ஃப்ளஷ் டேங்கில் இரவும் பகலும் ஒழுகுகிறது என்று படிக்கும்போது வயிறு எரிகிறது.

எனக்குப் பெருமையான ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாக்கடை நீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பது. மணலியில் 1990களிலேயே தொடங்கியது. இப்போது கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டரை எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் சுத்தம் செய்து, ஒன்றை மணலி, எண்ணூர் பக்கமும் மற்றதை இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமும் அனுப்புகிறார்கள். அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் மக்களுக்கு மிஞ்சுகிறது. மக்கள் எவ்வளவு பெருகினாலும் அவர்களோடு சேர்ந்தே பெருகும் நீராதாரம் இது ஒன்றுதான்.

----------

கொசத்தலைக்கரை எழுதியது:

பொறியாளர் ஐயா, "எல்லைக்கு வெளியே போய்த் தேடியது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். அந்த எல்லைக்கு வெளியே இருந்தவர்கள் நாங்கள்.

மீஞ்சூர், பொன்னேரி பக்கம். 1960களின் பிற்பகுதியில் எங்கள் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் எடுக்கத் தொடங்கினார்கள். என் தாத்தா காலத்தில் இருபது அடியில் இளநீர் மாதிரித் தண்ணீர், மூன்று போகம் என்பார்கள். நிலத்தடியில் நல்ல தண்ணீரை இழுக்க இழுக்க அந்த வெற்றிடத்துக்குக் கடல் உள்ளே வந்துவிட்டது. அப்பா காலத்திலேயே கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. நெல் கருகியது. இன்று எங்கள் ஊரில் குடிக்கக் கேன் வாங்குகிறோம். நிலத்தடிநீர் ஒருமுறை உப்பானால் ஒரு மழைக்காலத்தில் சரியாகாது. கொசஸ்தலை ஆற்றிலும் ஆரணி ஆற்றிலும் தடுப்பணை கட்டிய பிறகு சில இடங்களில் உப்பு கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறது. எங்கள் வயலுக்கு இன்னும் அது வந்து சேரவில்லை.

மேற்கே திருவள்ளூர் பக்கம் இன்னொரு விதம். விவசாயக் கிணற்றிலிருந்து லாரிக்குத் தண்ணீர் விற்கிறார்கள். விற்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெல்லில் கிடைப்பதைவிடத் தண்ணீரில் கிடைக்கிறது என்றால் அவர் என்ன செய்வார்? ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் கிணறும் அதோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. அவருக்கு யாரும் பணம் தருவதில்லை. 1987இல் சென்னைப் பெருநகர நிலத்தடிநீருக்கு என்றே தனிச் சட்டம் வந்தது. லாரிகள் நிற்கவில்லை.

நாவலூர் அண்ணா, உங்கள் வளாகத்தில் 3 லாரி குறைந்தது என்று எழுதினீர்களே. அந்த மூன்றும் ஏதோ ஒரு ஊரின் கிணற்றில் தங்கியிருக்கிறது. எனக்கு உங்களை யாரென்று தெரியாது, ஆனால் அதற்காக நன்றி.

----------

மடிப்பாக்கம் மாடிவீடு எழுதியது:

மழைநீர் பற்றி யாரும் பேசவில்லையே என்று வருகிறேன்.

எங்கள் வீட்டுக்குள் 2015 டிசம்பரில் முழங்கால் அளவு தண்ணீர். அதே வீட்டுக் கிணறு 2019 மே மாதம் தரை தெரியக் காய்ந்தது. நடுவில் மூன்றரை வருடம். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. எங்கள் மொட்டை மாடி 1,000 சதுர அடி, 93 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 1,30,000 லிட்டர். சிந்தியது சிதறியது போக ஒரு லட்சம் லிட்டராவது கைக்கு வரும். 12,000 லிட்டர் லாரியாகச் சொன்னால் எட்டு லாரி நம் மாடியில் வந்து விழுந்து தெருவுக்குப் போகிறது.

மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல் வந்த சட்டத்துக்காக எங்கள் வீட்டிலும் அதைச் "செய்திருந்தோம்". வேலை பார்த்த ஆள் மாடிக் குழாயை இரண்டடிப் பள்ளத்தில் விட்டு, ஜல்லியும் உடைந்த செங்கலும் போட்டு மூடிவிட்டுப் போனார். பல வருடம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 2019இல் தோண்டிப் பார்த்தால் சேறு கட்டிக் கல்லாகியிருந்தது. ஒரு சொட்டும் இறங்கியிருக்காது.

இப்போது மாடித் தண்ணீரை ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக நேரே உறை கிணற்றுக்கு விடுகிறேன். முதல் மழையை வெளியே திருப்பிவிட ஒரு வால்வு. ஆவணி கடைசியில் மாடியைப் பெருக்கி, மணலைக் கழுவிப் போடுவேன், அரை நாள் வேலை. 2020க்குப் பிறகு கோடையில் கிணறு வற்றவில்லை. ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் இப்படி வராது. கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை, நீர் மெதுவாகத்தான் இறங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணல், உடனே குடிக்கும். களிமண் பகுதியில் ஆழமாகத் துளையிட்டு மணல் அடுக்குக்கு இறக்க வேண்டும். மண்ணைப் பார்க்காமல் ஊருக்கெல்லாம் ஒரே பள்ளம் வெட்டியதுதான் 2003இல் பல வீடுகளில் நடந்த தவறு.

இன்னொன்று, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது 1,247 ஹெக்டேர். பழைய சதுப்பில் அது ஒரு மூலைதான். எங்கள் பகுதியே அந்தச் சதுப்பின் மேல் ஏறி நிற்கிறது என்பதை நான் வீடு வாங்கிப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

----------

குழாய்வேலை எழுதியது:

நான் பிளம்பர். பெரிய விஷயம் எல்லாம் தெரியாது. வீட்டுக்குள் பார்ப்பதைச் சொல்கிறேன்.

நூறு வீட்டுக்குப் போனால் இருபது வீட்டிலாவது ஃப்ளஷ் டேங்க் ஒழுகும். சத்தம் வராது, கண்ணுக்கும் தெரியாது. இரவு டேங்க்கில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூள் போட்டுவிட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் அழுத்தாதீர்கள். கீழே கோப்பையில் மஞ்சள் வந்தால் உள்ளே ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். ரப்பர் மாற்ற டீ குடிக்கும் நேரம் போதும். பழைய டேங்க் ஒரு தடவைக்குப் பத்து, பன்னிரண்டு லிட்டர் விடும். புதுசில் இரண்டு பட்டன், சின்னதுக்கு 3, பெரியதுக்கு 6 லிட்டர். டேங்க்கை மாற்றக் காசு இல்லை என்பவர்களுக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி உள்ளே வைத்துக் கொடுத்திருக்கிறேன். தடவைக்கு ஒரு லிட்டர் மிச்சம்.

ஏரேட்டர் பற்றி நாவலூர் சார் எழுதியிருந்தார். சாதாரணக் குழாயை முழுசாகத் திறந்தால் நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து லிட்டர் வரும். ஏரேட்டர் போட்டால் நான்கைந்து லிட்டர். கை கழுவ, பாத்திரம் அலச அது தாராளம். ஆனால் வாளி நிரப்பும் குழாயில் மாட்டாதீர்கள், வாளிக்கு வேண்டியது வேண்டும்தான், நேரம்தான் ஆகும். உப்புத் தண்ணீர் வரும் ஏரியாவில் வலையில் உப்பு அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றி எலுமிச்சைச் சாறில் ஊறவைத்தால் போதும். இதைச் சொல்லாமல் மாட்டிவிட்டுப் போவதால்தான் பல பேர் இரண்டாவது மாதமே கழற்றி எறிகிறார்கள்.

வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருந்தால் ஒரு லிட்டர் குடிக்கக் கொடுத்து இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். அந்தக் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். வீடு துடைக்க, கழிவறைக்கு எடுக்கலாம். செடிக்குத் தினமும் ஊற்ற வேண்டாம், மண் உப்பாகிவிடும்.

மாடித் தொட்டி நிரம்பிச் சுவரில் வழிவதைத் தெருவில் நடக்கும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். பெல் அடித்துச் சொல்லுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் சொல்லியிருக்கிறேன்.

----------

ஜூரோங் தமிழன் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. நான் இங்கே வந்து பதினெட்டு வருடம். இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது, அங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. இது சின்ன ஊர், ஒரே அரசு, அதனால் பல விஷயம் சுலபம்.

ஆனால் விலையைப் பற்றிச் சொல்லலாம். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர். 1991லிருந்தே தண்ணீர்க் கட்டணத்தோடு தண்ணீர்ப் பாதுகாப்பு வரி என்று தனியாக உண்டு. மாதம் 40 கன மீட்டரைத் தாண்டினால் விலை கூடும். ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்கும் ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதால் 2003இல் கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் என்று கொண்டுவந்தார்கள், 2005இல் கடல்நீர் ஆலை. இவ்வளவும் செய்த பிறகும் "குறைத்துச் செலவழியுங்கள்" என்று சொல்வதை நிறுத்தவில்லை. 2003இல் ஆளுக்கு நாளுக்கு 165 லிட்டராக இருந்தது 2019இல் 141 ஆனது. அதே காலத்தில் மக்கள்தொகை கூடிக்கொண்டுதான் போனது.

2017, 2018இல் இரண்டு கட்டமாக 30 சதவீதம் விலை ஏற்றினார்கள். என் பில்லும் ஏறியது, முணுமுணுத்தேன். ஆனால் சின்ன அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு அதே நேரத்தில் தள்ளுபடித் தொகையைக் கூட்டிக் கொடுத்தார்கள். வண்ணை அக்கா சொன்னதற்கு அதுதான் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

----------

வண்ணைவாசி எழுதியது:

தம்பி, தள்ளுபடி என்றால் பில் வருகிறவர்களுக்குத்தானே? எங்கள் தெருவில் பாதிப் பேர் வாடகை. பில் வீட்டுக்காரர் பேரில். நான்கு குடித்தனத்துக்கு ஒரு இணைப்பு. நான்கு குடும்பம் சேர்ந்து எடுக்கும் தண்ணீரை மீட்டர் ஒரு வீடாக எண்ணினால், அதிகம் செலவழித்தவர்கள் என்று எங்களுக்குத்தான் கூடுதல் விலை விழும். வீட்டுக்காரர் அதை வாடகையோடு சேர்த்துவிடுவார்.

நான் மீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆளை எண்ணிவிட்டு மீட்டரைப் படியுங்கள் என்கிறேன்.

----------

பழைய நீர்ப்பொறியாளர் எழுதியது:

அம்மா, நாங்கள் வரைபடம் போடும்போது கோட்டைவிட்ட இடம் இதுதான். இணைப்பை எண்ணினோம், அடுப்பை எண்ணவில்லை. ரேஷன் அட்டைக் கணக்கு அரசிடம் இருக்கிறது. ஒரு இணைப்பில் எத்தனை குடும்பம் என்று அதை வைத்தே பார்க்கலாம். குடும்பத்துக்கு அடிப்படையான அளவு வரை இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை.

என்னைக் கேட்டால் மீட்டரை முதலில் வீட்டில் வைக்கவே கூடாது. பெரிய வளாகங்கள், ஹோட்டல்கள், மருத்துவமனைகள், கல்யாண மண்டபங்கள், அப்புறம் ஒவ்வொரு பகுதிக்கும் தண்ணீர் நுழையும் பிரதானக் குழாய். பகுதிக்கு உள்ளே போனது எவ்வளவு, விநியோகம் ஆனது எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் பூமிக்குள் கசிவது தனியாகத் தெரியும். பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் இருக்கும் தெருக்களில் அது கொஞ்சநஞ்சம் அல்ல. தன் குழாயின் கசிவை அடைக்காமல் ஜனங்களிடம் போய் வாளியைக் குறையுங்கள் என்று சொல்ல எந்தத் துறைக்கும் வாய் வரக்கூடாது. அதைச் செய்து முடித்த தெருவில்தான் வீட்டு மீட்டர்.

----------

கொசத்தலைக்கரை எழுதியது:

ஐயா, அந்த மீட்டர் வரிசையில் லாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கிணற்றில் எத்தனை லிட்டர் ஏற்றியது என்று லாரியில் எழுதியிருக்க வேண்டும். இப்போது வாங்குகிறவருக்கும் அது தெரியாது.

----------

நாவலூர்க்காரன் எழுதியது (ஏப்ரல் 14, இரவு):

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இன்று எங்கள் சங்கக் கூட்டம் இருந்தது. இங்கே வந்த பதில்களை அச்செடுத்துக் கொண்டுபோனேன்.

மூன்று முடிவு எடுத்தோம். ஒன்று, மீட்டர் பில்லை வீட்டில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் கணக்கிடுவது. தாத்தா பாட்டியோடு இருக்கும் ஏழு பேர் வீடு இதுவரை அதிகக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தது, வண்ணை அக்கா எழுதிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. இரண்டு, எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வருவதைச் செடிக்கு விட்டது போக மீதி வெளியேதான் போகிறது. அதை ஃப்ளஷ்ஷுக்குக் கொண்டுபோகத் தனிக் குழாய் இழுக்க என்ன ஆகும் என்று விசாரிப்பது. கட்டும்போதே இரட்டைக் குழாய் போட்டிருந்தால் செலவு கொஞ்சம்தான், இப்போது சுவரை உடைக்க வேண்டும். புது வளாகம் வாங்கப் போகிறவர்கள் நீச்சல்குளம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். மூன்று, தண்ணீர் விற்பவரிடம் எந்த ஊர்க் கிணறு என்று எழுதி வாங்குவது. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் இருந்தது. "அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம்" என்றார் ஒருவர். கொசத்தலைக்கரைத் தம்பி எழுதியதை அப்படியே வாசித்தேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

மஞ்சள் தூள் சோதனையை 84 வீட்டிலும் இந்த வாரம் செய்யச் சொல்லியிருக்கிறோம்.

----------

குழாய்வேலை எழுதியது:

சார், கசிவு வந்த வீட்டுக் கணக்கை இங்கே போடுங்கள். ரப்பர் வாங்கும்போது டேங்க் கம்பெனியும் மாடலும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், அளவு கொஞ்சம் மாறினாலும் மறுபடி ஒழுகும்.

----------

நாவலூர்க்காரன் எழுதியது (ஏப்ரல் 21):

84 வீட்டில் 71 வீடு பார்த்தாகிவிட்டது. 13 வீட்டில் மஞ்சள் வந்தது. அதில் ஒன்று என் வீடு. மீதி 13 வீடு பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.